தாழ்ந்த பக்கம்

தல்காவேயில் கடல் நாளுக்கு இரண்டு முறை
ஊரைவிட்டுப் போய்விடும்.
படகுகள் சேற்றில் உட்காரும்
அதது தனக்குப் பழகிய விலாப்பக்கம் சாய்ந்து.
எங்கள் லா தெர்கா எப்போதும் இடப்பக்கம்.
பெயருக்கு அர்த்தம் பிடிவாதக்காரி.
வைத்தது நான். பொருந்துவது என் தங்கைக்கு.

அதன் வயிற்றில் இரண்டு டீசல் தொட்டிகள்,
இடம் ஒன்று, வலம் ஒன்று, நூற்றிருபது லிட்டர் வீதம்.
அடியில் இரண்டையும் கோத்து
விரல் தடிமனில் ஒரு குழாய்.
"மட்டம் தானே சமமாகிவிடும், அம்மணி,
நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்"
என்றான் விற்றவன்.
ஒன்றும் செய்ய வேண்டாம் என்று யார் சொன்னாலும்
உடனே பணத்தை எண்ணிக் கொடுப்பவள் நான்.

ஆகஸ்ட் மாதம். முந்தின மாலைதான் முட்ட நிரப்பியிருந்தேன்.
இரவு வற்றத்தில் படகு சாய்ந்தது.
மேட்டுத் தொட்டி பள்ளத் தொட்டிக்குள்
சத்தமில்லாமல் இறங்கியது,
கொள்ளாதது மூச்சுக்குழாய் வழியே
சேற்றுக்கு.
விடியலில் ஏற்றம் வந்தபோது
துறை முழுக்க ஏழு நிறம்.
எல்லாப் படகும் நிமிர்ந்தன.
இது மட்டும் கனத்த பக்கத்தை விடாமல்
விளிம்போரம் தண்ணீர் குடித்துக்கொண்டு எழுந்தது.

எலியெசர் பார்ரியாவின் சிப்பிக் கயிறுகள்
இருநூறு மீட்டர் தள்ளி.
அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.
உறிஞ்சு மிதவையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்,
மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்.
மதியம் வரை அப்படியே.

கெம்ச்சியிலிருந்து நோல்ஃபா பேருந்தில் வந்தாள்,
மடியில் கருவிப் பெட்டி.
திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
பழைய குழாயை அறுத்து
கருவாட்டை எறிவதுபோல் வாளியில் போட்டாள்.

"நடுவில் ஒரு வால்வு போதாதா?"
"குழாய் விரிசல் விட்டால்
நடுவில் நின்று எந்தப் பக்கத்தைக் காப்பாற்றுவாய்?"
ஆக, இரண்டு வெண்கல வால்வுகள்,
தொட்டியின் தொண்டையோடு ஒட்டி, ஆளுக்கொன்று.
ஆளுக்கொரு மூச்சுக்குழாயும், அன்னக்கழுத்தாய் வளைத்து.
தீ தாங்கும் ஹோஸ்,
முனைக்கு இரண்டு கிளாம்பு, திருகுகள் எதிரெதிர் பார்த்து.
நிரப்பும் வாயின் உலோக மூடியிலிருந்து தொட்டிக்கு
மெல்லிய பச்சைக் கம்பி.
எதற்கு என்றேன். சட்டை உரசல் போதும் என்றாள்.

பிறகு திரும்புகுழாய்.
எஞ்சின் தனக்கு வேண்டியதைவிட அதிகம் உறிஞ்சும்,
மிச்சத்தைத் திருப்பித் தரும்.
"எதிலிருந்து எடுத்ததோ அதற்கே போக வேண்டும்.
ஒன்றில் எடுத்து மற்றதில் விட்டால்
இது வறளும், அது வழியும்."
சொல்லிக்கொண்டே திருகினாள், என்னைப் பார்க்கவில்லை.
நோல்ஃபாவிடம் வாங்கியதை
அண்ணன் எர்மினியோவின் கடனுக்குக் கட்டியவள் நான்.
கையிலிருந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

சைக்கிள் பம்பால் மெல்லக் காற்று ஏற்றி
இணைப்புகளில் சோப்பு நுரை பூசினோம்.
மூன்று பேசாமல் இருந்தன.
நான்காவது, தூங்கும் குழந்தையின் உதடுபோல்
ஒரு குமிழி விட்டது.
"ஆ" என்றாள் நோல்ஃபா, வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.
கால் திருப்பு.
குமிழி நின்றது.

கடைசிப் பேருந்துக்கு ஓடுமுன் சொன்னது:
கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியது,
நெடுக்கே படுத்தால் திறந்தது.
ஓட்டும்போதுகூட ஒன்றைத்தான் திற.
வற்றத்துக்கு முன் இரண்டையும் மூடு.
பணத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பதினொரு மணிக்குத் தொலைபேசி.
வெளியே மழை, அடுப்பில் விறகு நன்றாகப் பற்றியிருந்தது,
கடல் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.
"மூடினாயா?"
"மூடிவிட்டேன்."
"சரி" என்று சொல்லியும் அவள் வைக்கவில்லை,
ஏதோ சொல்ல வந்ததுபோல் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு வைத்தாள்.

பூட்ஸை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.
டார்ச் வெளிச்சத்தில்
இரண்டு கைப்பிடிகளும்
நெடுக்கே படுத்திருந்தன.