ஓந்தாச்சிமடத்து ஒட்டு

வெள்ளாப்பில் கதவைத் திறந்தாலே
அது ஒருக்கா முனகும்.
சாவி தொடவில்லை, ஆசனத்தில் குந்தவில்லை,
பொனட்டுக்குள் எங்கோ ஒரு சின்னப் பம்பு
அழுத்தம் சேர்த்துக்கொள்கிறது,
இண்டைக்கும் இவன் மிதிப்பான் என்று.

தம்பிலுவிலில் இருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக்
கிழமைக்கு மூன்று ஹயர்.
யப்பானில் யாரோ எழுபதாயிரம் ஓடிக் கழித்த கார்.
லீசிங் இன்னும் முப்பத்தியொரு மாதம்.
பெற்றோல் குடிக்காது, உண்மை.
கடற்கரை றோட்டில் காலை எடுத்தால்
ஓட்டத்தையே பிடித்துப் பற்றரிக்குள் போட்டுக்கொள்ளும்,
அதுவும் உண்மை.

ஆனால் பிறேக்.

பழைய வானில் கால் அமத்தும், எண்ணெய் தள்ளும்,
இரும்பை இரும்பு கவ்வும்.
எவ்வளவு தேய்ந்தது என்று உள்ளங்காலுக்குத் தெரியும்.
இதில் என் கால் கொடுப்பது ஒரு விண்ணப்பம்.
பிரதேச செயலகத்தில் போல
உள்ளே ஒருவர் வாங்கிப் பார்த்து
இவ்வளவு மோட்டருக்கு, மிச்சம் டிஸ்க்குக்கு என்று
பிரித்தெழுதி ஒப்பமிடுகிறார்.
பெடலுக்குக் கீழே நான் உணர்கிற இறுக்கம்
வெறும் சுருள்கம்பி,
என் ஆறுதலுக்காக வைத்தது.

கல்லாற்றுப் பாலம் இறங்கி ஓந்தாச்சிமடம் தொடங்க,
குழாய் போடக் கிண்டி மூடிய தார் ஒட்டு.
முன்னால் மாடு. ஒரு மாடா, ஏழு.
மெல்ல மிதித்தேன். பிடித்தது.
முன்சில்லு ஒட்டில் ஏறித் துள்ளினது.
விட்டது.

விட்டது என்றால்,
இருட்டில் இன்னொரு படி இருக்கும் என்று வைத்த கால்
வெறுங்காற்றில் போகுமே, அது.
அரை வினாடி.
மறுகா கவ்விப் பிடித்து
ஒரு செம்மறையின் வாலடியில் நின்றது.
பின் ஆசனத்தில் தவமலர் அக்கா,
ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்,
சரிந்த பைலை மடியில் நேராக்கிக்கொண்டார்.
ஒன்றும் கேட்கவில்லை.

சாய்ந்தமருதில் நஜாத்தின் கராஜ்.
ஸ்கேனரைக் குத்தினான்: பிழை எதுவும் இல்லை.
சில்லைக் கழற்றினான்: டிஸ்க் முழுக்கத் துரு.
"பாவிக்காத இரும்பு, கடல் காத்து.
எல்லாத்தையும் மோட்டரே புடிச்சா இவன் என்ன செய்வான்?"
தேய்த்துத் துடைத்துப் பூட்டினான்.
கல்முனை வரை ஓட்டிவிட்டுக் கிறுகி வந்து
"கார் நல்லாரிக்கு அண்ணன், உங்கட மனசிதான்" என்றான்.

மனசு. சரி.
எட்டு நாள் மனசோடு ஓட்டினேன்.
ஒன்பதாம் நாள் நஜாத்தையே ஓட்டச் சொல்லி
பாண்டிருப்பு, மருதமுனை, பெரியகல்லாறு தாண்டிக்
கூட்டிப்போனேன்.
"இந்த ஒட்டில். முப்பதில். மெல்ல."
மிதித்தான். ஏறினது. துள்ளினது.
அவனுடைய இடது கை, தன்பாட்டில்,
ஹான்ட் பிறேக்கைத் தேடினது.

ஓரத்தில் நிறுத்திக் கொஞ்ச நேரம்
களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"ம்" என்றான்.
அந்த ஒரு "ம்"மில் எனக்கு
லீசிங் கட்டி முடிந்த மாதிரி இருந்தது.

சில்லு துள்ளினால்
மோட்டர் பயந்து கையை எடுக்குதாம்.
டிஸ்க் கை நீட்ட முந்தி ஒரு இடைவெளி.
செய்தவனே அப்படித்தான் செய்து விட்டானாம்.
பம்பு மாற்றலாம், நாலு லட்சம்;
மாற்றினாலும் இந்த ஒட்டுக்கு விடும்.
"கொஞ்சம் ஊண்டி மிதிங்க அண்ணன், முந்தியே."
அதற்கு அவன் காசு வாங்கவில்லை.

இப்போது ஒரு லைற்கம்பம் முன்னாலேயே மிதிக்கிறேன்.
நேற்று சாந்தமதி பக்கத்தில் இருந்தாள்.
அவள் பக்கம் பெடல் இல்லை,
ரப்பர் விரிப்புத்தான்.
பாலத்தின் முதுகில் ஏறும்போதே
அவளுடைய வலது கால் அதை அமத்துவதைக் கண்டேன்,
செருப்பு நுனி வளைய,
விடாமல்.