விழுங்கிவிட்டாள்

சனிக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை.
ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தேன்.
பின்பக்கம், ரொட்டிக் கடையின் குப்பைத் தொட்டிகள் நிற்கும்
சந்து வழியாக அவளைக் கூட்டி வந்தார்கள்.
பூட்ஸில் பனி. ஆறு வயது.
முன்னால் ஹால்வர், காதில் சுருள் கம்பி;
பின்னால் அரண்மனைப் பெண்மணி,
கையில் வெல்வெட் வைத்த வெள்ளிச் சிமிழ்.

அந்த முகம் எனக்குப் புதிதல்ல.
பிஸ்கட் டப்பாவின் மூடியில் பார்த்திருக்கிறேன்.
தபால்தலையாக அதன் முதுகை நாக்கால் நனைத்திருக்கிறேன்.
பிறக்கும் முன்பே அவள் பெயருக்குப் பந்தயம் கட்டிய ஊர் இது;
நானும் ஐம்பது குரோனர் கட்டித் தோற்றேன்.
பிறந்த அன்று துறைமுகத்தில் இருபத்தொரு குண்டு முழங்க
என் நாற்காலியில் இருந்த மீனவர்
வாயில் பஞ்சோடு எழுந்து நின்றார்.

வாயைத் திற என்றேன்.
திறந்தாள்.
அதுவரை யாரும் படம் எடுக்காத இடம்.
கீழ்வரிசையில் ஒரு பால்பல்
ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை மாடத்தில் நிற்க வேண்டும்,
அதுவரை தாங்குமா?" என்றார் பெண்மணி.
"இல்லையென்றால் தற்காலிகமாக ஒன்று பொருத்த முடியுமா?"
பல் என்னைக் கேட்டு விழுவதில்லை என்றேன்.
கொஞ்சம் துடுக்காகத்தான் சொன்னேன்.

சிக்னே என் முகக்கவசத்தைப் பார்த்துக் கேட்டாள்:
"விழுந்தால் யாருக்கு?"

மற்ற பிள்ளைகள் செய்வதைச் சொன்னேன்.
படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்,
அதற்குள் பல்,
விடிந்தால் பல் இருக்காது, காசு இருக்கும்.
"எனக்கு மியூசியம்," என்றாள்.
அந்தக் குரலில் புகார் இல்லை,
வீட்டு முகவரி சொல்வதைப் போலச் சொன்னாள்.
முதல் காலணி அங்கே. முதல் சுருள்முடி அங்கே.
கடித்துக் கடித்துக் காது பிய்ந்த துணி முயல்
கண்ணாடிப் பெட்டிக்குள் நேராக உட்கார்ந்திருக்கிறதாம்.
வெள்ளிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள்.
இவளும் ஒருமுறை அந்த வரிசையில் நின்றாளாம்.
தொடக் கூடாது.

அந்த நேரம் பார்த்துப் பெண்மணிக்கு ஃபோன் வந்தது;
ஜன்னல் பக்கம் திரும்பினார்.
ஹால்வர் மீன்தொட்டியில் லயித்திருந்தார்.
நாக்கு ஒரு தள்ளு தள்ளியது.
ஒரு துளி ரத்தம்,
அரிசியைவிடச் சற்றே பெரிய ஒரு வெண்மை,
அது எங்கே போயிற்று என்று பார்த்துவிட்டேன்:
கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில்.
வாயை மூடிக்கொண்டாள்.
அப்புறம் என்னைப் பார்த்தாள்.
ஆறு வருடமாக நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்;
அவள் என்னைப் பார்த்தது அப்போதுதான்.

"எங்கே?" என்றார் பெண்மணி, சிமிழைத் திறந்தபடி.
மறுபடி வாயைத் திறக்கச் சொல்லி,
சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, விளக்கைச் சாய்த்து,
ஒரு நிமிடம் முழுதாகத் தேடினேன்.
முப்பது வருடத் தொழிலில் எதையும்
கண்டுபிடிக்காமல் இருப்பதற்காக
இவ்வளவு கவனமாகத் தேடியதில்லை.
"விழுங்கிவிட்டாள்," என்றேன்.
அட்டையிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
சிமிழ் மூடும்போது சின்னதாக ஒரு டக்.

செவ்வாய்க்கிழமை மாடம், கொடி, பேண்டு வாத்தியம்.
மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்த இடைவெளி.
என்னோடு படித்தவர் ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி
அடுத்த பல் எந்த மாதம் விழும் என்று சொன்னார்.
நான் படத்தில் அவள் இடது கையைப் பார்த்தேன்.
கையுறைக்குள் இறுக்கி மூடியிருந்தது.
குளிராகவும் இருக்கலாம்.

பதினொரு வருடம், கணவரிடம்கூடச் சொல்லவில்லை.
இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்,
யாரும் பணம்கூடத் தராமல்.
அதனால் பெயர்களை மாற்றியிருக்கிறேன்,
கிழமையை, ரொட்டிக் கடையை, மீன்தொட்டியை.
பல் என்றது பல்தானா என்று
கேட்காதீர்கள்.