பாலத்தில் நிற்கிறது

மூன்று வருஷம் காத்திருந்த விளையாட்டு
போன வாரம் வெளியானது,
என் கடையில் அல்ல.

என் கடை என்று நான் சொல்வது
கல்லூரி முதல் வருஷத்திலிருந்து
நூற்றுப் பதினான்கு விளையாட்டுகளை
எனக்காக அடுக்கி வைத்திருக்கும் இடம்.
அங்கே அதன் பெயரைத் தட்டினால்
இல்லை என்றுகூட வரவில்லை.
அப்படி ஒன்று பிறக்கவே இல்லை என்பதுபோல்
ஏதோ கார் பந்தயத்தைக் காட்டியது.

ஓராண்டுக்கு அந்த இன்னொரு கடையில் மட்டும்.
புதுக் கணக்கு, புதுக் கடவுச்சொல்.
பிறந்த தேதி கேட்டது, கொடுத்தேன்.
கைபேசி எண் கேட்டது, கொடுத்தேன்.
நான் கேட்டது ஒன்றுதான்:
வாங்கினவங்க என்ன சொல்றாங்க?

அதற்கு அங்கே இடமே இல்லை.
படம் இருக்கிறது.
மறக்கமுடியாத அனுபவம் என்று
தயாரித்தவரே சொல்லிக்கொள்ளும் வாக்கியம் இருக்கிறது.
விலை இருக்கிறது,
மூவாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவாக.

ஒரே கடை என்பதில் எனக்குப் பெரிய கோபமில்லை.
எங்கள் குடும்ப அட்டைக்கும் ஒரே கடைதான்,
பெரம்பூரில், லோகோ ஒர்க்ஸ் சுவர் ஓரம்.
ஆனால் அங்கே வரிசை இருக்கிறது.
பையோடு திரும்பி வரும் ரெஜினா அக்கா
யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போவாள்:
"புழுங்கல் வாங்காதே, வாடை அடிக்குது.
பருப்பு நாளைக்குத்தான்."
எடை போடுகிறவர் காதில் விழத்தான் சொல்வாள்.
அவர் முறைப்பார்.
முறைத்துவிட்டு
வேறு மூட்டையைப் பிரிப்பார்.

இந்தக் கடையில் முறைக்கவும் ஆளில்லை.
நள்ளிரவில் பணம் கட்டினேன்.
எண்பத்தாறு ஜிபி. இறங்க இரண்டு இரவு.
நெட் ஏன் இப்படி இழுக்குது என்று அப்பா கேட்டார்.
மழை என்றேன்.

பனி பெய்யும் ஊர், கையில் லாந்தர்,
ஒரு செம்பட்டைக் குதிரை.
குதிரை எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லக்கூடாது.
இரண்டு மணி ஏழாவது நிமிஷத்தில் ஒரு மரப்பாலம்.
குதிரை முன்னங்காலைத் தூக்கியது.
தூக்கிய கால் இறங்கவில்லை.
திரும்ப ஆரம்பித்தேன். அதே பாலம், அதே கால்.
ஐந்து முறை.

பணத்தைத் திரும்பக் கேட்டேன்.
இரண்டு மணிக்குள் கேட்டிருக்க வேண்டுமாம்.

நான் வேலை பார்ப்பது பாரிமுனையில்,
மருந்து மொத்த விற்பனை.
ஒரே ஒரு அட்டை மாத்திரை திரும்பி வந்தாலும்
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
ஈரம், உடைசல், நிறம் மாறியது.
நாள் முழுக்க அந்தக் கட்டத்தை நிரப்புகிறவள் நான்.
என் காரணத்தை மட்டும்
ஒரு கோப்பில் தட்டி, கணினியிலேயே மூடி வைத்தேன்.

காலை எட்டு இருபது வண்டி.
கம்பியைப் பிடித்து நிற்கிறேன்.
எதிரே உட்கார்ந்திருந்த பையன்,
கழுத்தில் பாலிடெக்னிக் அட்டை, பெயர் தமீம்,
கைபேசியில் அதே பனி, அதே லாந்தர்.
கட்டைவிரல் 'வாங்கு' மேல் ஆடிக்கொண்டிருக்கிறது.

அவன் கேட்கவில்லை.
"அதை வாங்காதே தம்பி. பாலத்துல நின்னுடுது."

"எந்தப் பாலம்க்கா?" என்று அவன் நிமிரவும்
வழக்கம்போல்
பேசின் பிரிட்ஜுக்கு முன்னால்
வண்டி நின்றது.
பெட்டி முழுக்க ஒரு பெருமூச்சு.

கதவோரம் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தவர்,
ஐம்பது வயது இருக்கும், காதோரம் நரை,
திரும்பாமலே சொன்னார்:
"குதிரையை விட்டு இறங்கி நடந்து போங்க.
நான் அப்படித்தான் தாண்டினேன்."

கொஞ்ச நேரம் கழித்து,
"தாண்டியும் அந்தப் பக்கம் பெருசா ஒண்ணுமில்ல."

தமீம் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டான்.
வண்டி இன்னும் நகரவில்லை.
அவர் பக்கமாகத் தள்ளி நின்று
குதிரையைப் பற்றிக் கேட்டேன்,
கடைசிவரை உயிரோடு இருக்குமா என்று.