நாலு நொடி

கெமியில் காற்று திசை மாறினால்
காகித ஆலையின் நாற்றம் படுக்கையறை வரை வரும்.
அழுகின முட்டைக்கோஸ் என்பார்கள் வெளியூர்க்காரர்கள்.
சம்பளத்தின் வாசம் என்பார் யார்க்கோவின் அப்பா.

அந்த வாசமும் இறங்காத ஆழத்தில்,
எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடிவயிற்றில்
ஒரு பதுங்கறை.
குண்டு விழுந்தால் அறுபது பேர் ஒண்டிக்கொள்ளக் கட்டியது.
குண்டு விழவில்லை.
ஜனவரியில் நாங்கள் நாலு பேர் வந்து விழுந்தோம்.

ஒரு சாண் தடிமனில் இரும்புக் கதவு.
சுவரோரம் பனிச்சறுக்குக் கட்டைகள்,
சக்கரம் கழன்ற குழந்தை வண்டி,
மூன்றாம் மாடி ஹூவாரினென் அம்மாளின் ஜாம் புட்டிகள்.
நான் தடித்த கம்பியைத் தொட்டால் மட்டும்
அத்தனை புட்டியும் பல் கிட்டி நடுங்கும்.
ஐந்தாவது ஆள் என்று வைத்துக்கொண்டோம்.

நான் பாஸ் கிட்டார்.
ஆசைப்பட்டு அல்ல; மிச்சமிருந்தது அதுதான்.
இல்க்காவுக்குத் தோல் ஜாக்கெட்,
ஒலிபெருக்கி அவனுடையது, ஆகவே தலைவன்.
துய்ரே பாடினாள், கண்ணை மூடாமல்,
பேருந்து நேரம் வாசிப்பவள் மாதிரி;
கேட்டவர்களுக்குத்தான் எங்கேயாவது கிளம்பத் தோன்றும்.
யார்க்கோ டிரம்ஸ்.
மெதுவாக அடி என்றால்
சாப்பிடாதே என்று சொன்னதுபோல் பார்ப்பான்.

பெயர் மட்டும் அமையவில்லை.
இல்க்கா சொன்னது துய்ரேவுக்குச் சிரிப்பு,
துய்ரே சொன்னது இல்க்காவுக்கு எரிச்சல்.
பெயர் வைக்காத பிள்ளை தவழ்ந்து, நடந்து,
மேடையும் ஏறிவிட்டது.

பள்ளி விழாவில் இரண்டாம் பாட்டில் ஃபியூஸ் போனது.
இல்க்கா செத்தான், நான் செத்தேன், மைக் செத்தது.
யார்க்கோ மட்டும் இருட்டில் அடித்துக்கொண்டே இருந்தான்;
மின்வாரியத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை.
விளக்கு வந்தபோது
அரங்கில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை.
அன்றைக்கே கலைந்திருந்தால் புராணமாகியிருப்போம்.

கலையவில்லை.
மே மாதம் மளிகைக்கடைத் திறப்புவிழா, இலவச சாஸேஜ்.
பதினொரு பேர் கேட்டார்கள், வாய் நிறைய.

ஜூலையில் தோர்னியோ, ஆற்றோர நடன அரங்கு.
இரவு பதினொன்றுக்கும் வெயில். கொசு.
எங்கள் அப்பா வயதுக்காரர்கள் ஜோடி ஜோடியாக நின்று
டாங்கோ கேட்டார்கள்.
எங்களிடம் டாங்கோ இல்லை.
மெதுவான பாட்டு ஒன்றே ஒன்று இருந்தது,
துய்ரேயின் அண்ணன் கடலோடு போனதைப் பற்றி.
அதற்கு ஆடினார்கள்,
கன்னத்தோடு கன்னம் வைத்து,
நாங்கள் தவறவிட்ட தாளத்தைக் காலாலேயே திருத்திக்கொண்டு.
முடிந்ததும் இன்னொரு தரம் என்றார்கள்.
மூன்று தரம் வாசித்தோம்.

வேனில் இல்க்கா சொன்னான்: அவமானம்.
துய்ரே சொன்னாள்:
என் அண்ணனுக்காக இதுவரை யாரும் ஆடினதில்லை.
அப்புறம் வீடு வரைக்கும்
கொசுப் பிணங்களைத் தள்ளியபடி
கண்ணாடித் துடைப்பான் மட்டும் பேசியது.
நீ யார் பக்கம் என்று என்னை இருவரும் கேட்கவில்லை.
பாஸ் வாசிப்பவளை எவரும் கேட்பதில்லை.

ஆகஸ்டில் யார்க்கோவை ராணுவம் கூப்பிட்டது.
கயானி முகாம், பதினொரு மாதம், மொட்டைத் தலை.
முடிந்தது என்று யாரும் வாயால் சொல்லவில்லை.
இல்க்கா ஒலிபெருக்கியை எடுத்துப் போனான்.
ஹூவாரினென் அம்மாள் புட்டிகளை எண்ணிவிட்டு
ஒன்றில் கீறல் என்றாள். கொடுத்தேன் காசு.

ஒரே ஒரு கேசட்டில் பதிந்திருந்தோம்.
அதன்மேல் யார்க்கோவின் அப்பா
பனிச்சறுக்குத் தொடரோட்டத்தின் வானொலி வருணனையைப்
பதிந்துவிட்டாராம்.
முப்பது வருஷம் கழித்து, அவர் வீட்டைக் காலிசெய்தபோது
கண்டெடுத்து அனுப்பினான் பிள்ளை.

இரண்டாம் வீரருக்கும் மூன்றாம் வீரருக்கும் நடுவே
காபி ஊற்றப் போன மனிதர்
பொத்தானை மாற்றி அழுத்தியிருக்க வேண்டும்.
நாலு நொடி.
புட்டிகள் நடுங்குகின்றன.
நான் ஒரு கட்டை தள்ளி விரல் வைக்கிறேன்.
துய்ரே வார்த்தைக்கு முன்னால் மூச்சை இழுக்கிறாள்

என்ன வார்த்தை அது?
மூன்று பேருக்கும் எழுதிக் கேட்டேன்.
மூன்று பதில் வந்தது.
கேசட்டில் அதற்குள் மேட்டில் யாரோ முந்துகிறார்,
அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்துகிறார்,
இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கிறது.