பயன்பாடு என்ற கட்டம்

செம்பனை ஆலையின் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்
மழை விட்ட காலையில் மட்டும் தெரியும்,
எவர்சில்வர் தட்டின் ஓரத்தில் ஒட்டிய
கறிவேப்பிலை மாதிரி ஒரு தீவு.
எனக்கு அது கோப்பு எண் நாற்பத்தேழு.
நில அலுவலகம், இரண்டாம் அலமாரி.
கரையான் பாதிவரை படித்திருக்கிறது.

முதல் தாளில் துரையின் கையெழுத்து.
பயன்பாடு: நோய்த் தடுப்பு முகாம்.
நாகப்பட்டினத்துக் கப்பல் முதலில் அங்கேதான் இறக்கியது.
தலையில் மருந்துத் தண்ணீர், கழுத்தில் தகர வில்லை.
அம்மை கண்டவர் மேற்கே, காணாதவர் கிழக்கே.
கிணறு வெட்டியது கிழக்கே இருந்தவர்கள்.
பட்டியலில் ஆரோக்கியம் என்றொருவர்
காய்ச்சலில் செத்திருக்கிறார்.
சிரித்துவிட்டேன்.
அப்புறம் அந்த டீயைக் குடிக்கவில்லை.

ஜப்பான்காரன் காலத்துக்குத் தாளே இல்லை,
துருப்பிடித்த குண்டூசி மட்டும்.
பிறகு, பயன்பாடு: சந்தேக நபர்கள்.
பிறகு, பீரங்கிப் பயிற்சி, வெள்ளிக்கிழமை நீங்கலாக.
பிறகு ஒரு கம்பெனி ஓட்டல் கட்ட வந்து
நீச்சல் குளத்தோடு பணம் தீர்ந்து போனது.

நேற்று வந்தவள் அமலோற்பவம், த/பெ சவரிநாதன்,
மூன்றாம் டிவிஷன்.
செம்பனைக் கன்றைக் கடித்தால்
ஆட்டுக்கு ஐம்பது ரிங்கிட் தண்டமாம்.
முப்பத்தோரு ஆடு.
"அந்தத் தீவுல யாரும் விரட்ட மாட்டாங்கதானே?"
இப்போதைக்கு யாரும் இல்லை என்றேன்.
"தண்ணி?"
கிணறு தூர்ந்திருக்கும். நீச்சல் குளத்தில் மழைத் தண்ணி நிற்கும்.
"போதும். ஆடு நீந்தவா போவுது?"
அலோயின் சம்பானில் நடைக்கு ஆறு ஆடு,
கூலி பேசிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

பாரத்தில் கட்டம் நான்கு:
பாதுகாப்பு, சுகாதாரம், சுற்றுலா, மற்றவை.
மற்றவையில் குறியிட்டு
எதிரே மலாயில் எழுதினேன்: கம்பிங்.
ஆடு என்பதற்கு அதுதான் சொல்.

மேலதிகாரி கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த நாள்.
"கேம்பிங்கா? நல்லதாச்சே" என்று
என் குறியை அடித்துவிட்டு
சுற்றுலாவில் ஒன்று போட்டு
முத்திரை குத்தினார்.
வாயைத் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.
பதினேழு வருட வேலையில்
நான் செய்த ஒரே ஊழல் அது.

இந்தச் சனிக்கிழமை
சுற்றுப்பயணிகள் அறுவர் புறப்படுகிறார்கள்,
ஒருவர் சினை.
பார்க்கலாமென்று தொட்டிமேல் ஏறி நிற்கிறேன்.
மழை விடவில்லை.