ஒரு மதிப்பெண் வினா

நாமி என்று தமிழிலும் எழுதியிருந்தார்கள்.
மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு சந்து,
பைக் வாடகைக் கடைக்கும்
இஸ்திரி வண்டிக்கும் நடுவே.

இளவழுதிக்குப் பதவி உயர்வு.
பிரியாணி வேண்டாம், புதுசா ஏதாவது, என்றான்.
கிளையைப் பூட்டிவிட்டு ஏழு பேர் போனோம்.

கண்ணாடிக்குப் பின்னால் நின்று
சோற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார் சமையல்காரர்.
ஒரு குடும்பம் அவரோடு படம் எடுத்துக்கொண்டது.
ஜப்பான்ல எந்த ஊர், என்று ஆங்கிலத்தில் கேட்டார் அப்பா.
ஐசால், என்றார் அவர்.
டோக்கியோவுக்குப் பக்கத்தில்தானே என்பதுபோல்
இவர் தலையாட்டினார்.

பழக்கமில்லாதவர்களுக்குக்
குச்சிகளின் தலையில் ரப்பர் பேண்டு போட்டுத் தந்தார்கள்.
மர்கரீத் அதிலும் தோற்று
விரலால் எடுத்தாள்.
"எறா பஜ்ஜிதானேடி இது? இதுக்கா நானூத்தி எண்பது?"
சைவக்காரர் கணேசமூர்த்தி சார்
சூப்பில் மிதந்த பாசியைப் பார்த்து
இதுவும் கீரைதான் என்றார்.
அந்தத் தண்ணீரே மாசிக் கருவாட்டில் கொதித்தது என்று
என் மூக்கு சொல்லிவிட்டது.
பிடிக்கலன்னா இங்க தாங்க சார், என்று
கிண்ணத்தை இழுத்து நானே குடித்தேன்.

பிறகு சூரை வந்தது.
கறுப்புக் கல்லில் ஆறு துண்டு, மாதுளைச் சிவப்பில்.
தேவனாம்பட்டினத்தில் ஏலம் முடியும் நேரத்தில்தான்
அதைக் கூவுவார்கள்.
அம்மா வாங்கமாட்டாள். ரத்தம் கசக்கும் என்பாள்.
இங்கே முள்ளங்கியைப் பஞ்சாகச் சீவி மெத்தை போட்டு
ஒரு இலையையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்,
மணப்பந்தலில் தோழிபோல.

"நாமின்னா என்னப்பா?"
"அலை சார். ஜப்பான் பாஷை," என்றான் பரிமாறிய பையன்,
மனப்பாடமாக.
வேற யாருக்காவது ஜப்பான் வார்த்தை தெரியுமா
என்று வழுதி ஆரம்பித்தான்.
கராத்தே.
சுடோகு.
போன்சாய், எங்க மாமியார் வளக்குறாங்க.

எனக்கு ஒன்று தெரியும்.
இதே சொல்தான்.
முதல் எழுத்தைக் குறுக்கி
அதற்கு முன்னால் இன்னொன்று சேர்க்க வேண்டும்.

ஏழாம் வகுப்பு, ஜூலை மாதத் தேர்வு.
சுனாமி எம்மொழிச் சொல்?
ஒரு மதிப்பெண்.
நாற்பத்தொரு பேர் படித்த வகுப்பில்
முப்பத்தாறு பேர் எழுதினோம்.
எல்லோருக்கும் சரி.

அந்த வருஷம் கரையில் மீன் விலைபோகவில்லை.
மீன் எதைத் தின்றிருக்கும் தெரியுமா
என்று தொடங்குவார்கள்,
முடிக்கமாட்டார்கள்.
அப்பா இரவல் படகில் போய்ப் பிடித்து வந்ததை
அரை நாள் வைத்துப் பார்த்துவிட்டுக்
குழி வெட்டிக் கொட்டினார்.
எங்கள் வீட்டிலும் மாசி மகம்வரை
குழம்பு வைக்கவில்லை.
நிவாரண அரிசி, நிவாரணப் பருப்பு,
யாரோ அனுப்பிய நமுத்துப்போன பிஸ்கட்.

"உனக்கு எதுவுமே தெரியாதாடி?"
என் இலையைத் தட்டுவதுபோல் மேசையைத் தட்டினாள் மர்கரீத்.
"யமஹா," என்றேன்.
பொய்யில்லை.
நிவாரணத்தில் வந்த படகின் இன்ஜின் அது.

குச்சி இரண்டாவது தரம் பிடிபட்டது.
துண்டு குளிர்ந்திருந்தது.
பல்லுக்கு வேலையில்லை,
நாக்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.
கசக்கவே இல்லை.
ஆறில் நாலை நானே தின்றேன்.
யாரும் சண்டைக்கு வரவில்லை.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
குச்சியிலிருந்து உருவிய ரப்பர் பேண்டு
மணிக்கட்டில் இருந்தது, ஏனென்று தெரியாமல்.
கன்னியக்கோயில் தாண்டும்போது அம்மா.
"சாப்டியா?"
"ம்."
"என்ன?"
"சூரை."
"அதையா? வாயில வைக்க முடிஞ்சுதா?
நல்லாக் கொதிக்க வெச்சாங்களா?"

முள்ளோடையில் எப்போதும் சிக்னல் விட்டுப்போகும்.
விட்டுப்போகட்டும் என்று
காதில் வைத்தபடி காத்திருந்தேன்.