மற்ற பாதி அட்டை

விடியற்காலை மூன்று மணிக்கு
காசிமேட்டில் என் தொண்டைதான் தராசு.
கானாங்கெளுத்திக் கூடை தரையில் விழுந்ததும்
எண்ணூறு என்பேன்.
எண்ணூத்தம்பது, தொள்ளாயிரம், ஆயிரம்…
யார் ஏற்றினார், யார் கை இறங்கியது,
ஐஸ் உடைக்கிற பையனுக்கும் தெரியும்.
செத்த மீனின் விலைக்கு
முப்பது பேர் சாட்சி.

கல்மண்டபம் மருந்துக்கடையில்
அதே தொண்டை கம்மிவிடுகிறது.
மோனிஷாவின் வலிப்பு மாத்திரை,
கையில் இருக்கிற காசுக்கு ஐந்து.
கமாலுதீன் பாய் கத்தரியை எடுப்பார்.
வெள்ளி அட்டை நறுக்கென்று இரண்டாகும்.
என் பாதியில்
மருந்துப் பெயரின் வால் மட்டும் இருக்கும்.
விலை எப்போதும் மற்ற பாதியோடு போகும்.

"எவ்ளோ பாய்?"
"எழுவத்தி நாலு."
எழுபத்து நாலுதான்.
மருந்துக்குப் பேரம் பேசுகிறவனை
பிள்ளைக்கே பேரம் பேசுகிறவனாக
வரிசை பார்க்கும்.

ஐப்பசி மழைக்கு ஒதுங்கி நின்ற அன்று
எனக்குப் பின்னால் வந்த பொம்பளையும்
அதே பேரைச் சொன்னாள், அதே ஐந்து.
என் அட்டையின் மிச்சம் அவள் கைக்குப் போனது.
பஸ் ஸ்டாப் வரை ஓடினேன்.
"அக்கா, அந்த அட்டையக் கொஞ்சம் காட்டு."
கொருக்குப்பேட்டை புளோரா
பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
என் பாதியை நீட்டினேன்.
அப்புறம்தான் சிரித்தாள்.

நனைந்த பெஞ்சில்
வெட்டோடு வெட்டை வைத்துச் சேர்த்தோம்.
அவள் போன் வெளிச்சத்தில்
எறும்புக் கால் அளவு எழுத்து:
பத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு, எல்லா வரியும் சேர்த்து.
பாய் ஏமாற்றவில்லை.
சண்டைக்கு மடித்த லுங்கியோடு
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

இருந்தும் திரும்பிப் போனோம்.
பாய் கோபப்படவில்லை.
சரக்கு வந்த பில்லை எங்கள் பக்கம் திருப்பி
விரலை வைத்தார்.
நாற்பத்தொன்று.
"இதே மருந்து வேற பேர்ல இருக்கு, இன்னும் கம்மி.
சீட்டுல இந்தப் பேர்தானே எழுதியிருக்கு?"
"கம்பெனிக்கு இன்னா ஆவுது பாய்?"
"அத்த எனக்கு யார் சொல்றா தேசப்பா?
நீ ஏலம் வுடற மாதிரி
நடுத்தெருவுலயா வுட்டாங்க?"

புளோராவின் பாதி புளோராவிடமே.
ராத்திரிக்கு அவள் தம்பிக்கு வேணும்.

மறுநாள் மூன்று மணிக்கு
மீன் கூடைக்கு முன்னால்
சட்டைப் பையிலிருந்து என் பாதியை எடுத்து
தலைக்கு மேல் தூக்கினேன்.
"பத்து மாத்திரை! கடைக்கு நாற்பத்தொன்னு!
நமக்கு நூத்தி நாற்பத்தெட்டு!"
கூடைக்காரிகள் அண்ணாந்து பார்த்தார்கள்.
ஒருத்தி தன் சுகர் மாத்திரையை முந்தானையில் தேடினாள்.
இன்னொருத்தி, "என்னுதையும் படி" என்றாள்.
படித்தேன். அதிலும் விலை இல்லை, வெட்டுத்தான்.

ஐஸ் உடைக்கிற பையன்
சுத்தியலை நிறுத்திக் கேட்டான்:
"ஆரம்ப வெல இன்னாண்ணே?"

இருபது வருசமாக இந்த மேட்டில்
பதில் இல்லாமல் நான் வாய் திறந்து நின்றதில்லை.
கானாங்கெளுத்தியின் கண்
வெளுக்க ஆரம்பித்திருந்தது.
எண்ணூறு, என்றேன்.